ஜீரோ கேட் வரிசை

காசிமேட்டு மீன்வாடைக்குள்
என் டிரெய்லர் வந்து நின்று பதினாறு மணி நேரம்.
முன்னால் எத்தனை வண்டி என்று எண்ணுவதை
ராத்திரியே விட்டாச்சு.
முதுகில் இருக்கும் நாற்பதடிப் பெட்டி ஹாம்பர்க் போகிறது,
உள்ளே திருப்பூர் பனியன்.
நான் மணலி யார்டுக்கும் இந்தக் கேட்டுக்கும் நடுவே
போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறேன்.

பொழுது போக ஒரு பந்தயம்.
தப்பாய்ச் சொன்னவன் டீ வாங்கணும்.

“ஆறே ஓடாத பெரிய நாடு?”
“சவுதி.” ஜலீல் யோசிக்கவே இல்லை.
தம்மாமில் ஏழு வருஷம் தண்ணி லாரி ஓட்டியவர்.
“மழை பேஞ்சா ஓடும், அப்புறம் வெறும் மணல்.
நம்ம வியாசர்பாடில தலைகீழு,
மழை நின்னாலும் தண்ணி போவாது.”

பெஞ்சலய்யா சூளூர்ப்பேட்டைக்காரர்.
பழவேற்காடு ஏரி யாருடையது என்று கேட்டால்
பெரும்பாகம் எங்களுது என்று
டயரைத் தட்டிச் சொல்வார். நிஜம்தான்.
உப்பேரிகளில் சிலிகா முதல், அது ரெண்டாவது,
அதில் மட்டும் சண்டையில்லை.

உலகத்திலேயே பெரிய பாலைவனம் சஹாரா என்று சொல்லி
நான் ஒரு டீ தோற்றேன்.
அண்டார்டிகாவாம்.
வானம் பெய்யாத இடம்தான் பாலைவனமாம்,
மணல் கட்டாயமில்லையாம்.
போனில் தேடிக் காட்டியவன் முன்னா,
பெஞ்சலய்யாவின் கிளீனர், கயாவிலிருந்து வந்து ரெண்டு மாசம்.
அவன் இந்தி எங்களுக்குப் பாதி, எங்கள் தமிழ் அவனுக்குக் கால்.
ஊர்ப்பேரும் எண்ணும் முழுசாய்ப் புரிந்தன.

இன்று ஏப்ரல் இருபத்துநாலு.
காலையில் வண்டி நிழல் மேற்கே நீளமாய் விழுந்தது,
நாலு பேர் படுத்தோம்.
பத்தரைக்கு மூணு பேர்.
பதினொன்றரைக்கு ஜலீலின் கால் வெயிலில்.
பன்னிரண்டு அடித்தது, அது கடிகாரத்துக்கு.
நாட்டுக்கே மணி சொல்லும் கோடு
மிர்சாப்பூர் பக்கம், எண்பத்திரண்டரை டிகிரியில் போகிறது.
நாம் அதற்கு மேற்கே.
நம் தலைக்கு மேலே வர
சூரியனுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் பாக்கி.

பன்னிரண்டு ஏழு.
நட்டுக்குத்தாய் நின்ற லீவர் கம்பிக்கு நிழல் இல்லை.
வண்டியின் நிழல் வண்டிக்கடியில்.
முன்னா எழுந்து நின்றான்.
தன்னைச் சுற்றித் தானே ஒரு சுற்றுச் சுற்றினான்.
ஒரு காலைத் தூக்கி அடியில் பார்த்தான்.
அவன் ஊர் கடகரேகைக்கு வடக்கே.
அங்கே எந்த உச்சிவெயிலிலும்
ஒரு துண்டு நிழல் வடக்கே மிச்சமிருக்கும்.
நமக்கோ வருஷத்தில் ரெண்டு நாள்,
இன்று ஒன்று, ஆகஸ்டில் ஒன்று,
அதுவும் துடைத்துப் போகிறது.
எங்கே போச்சு என்று கையை விரித்தான்.
டிரைவர்கள் சொன்னோம்: வண்டிக்கடியில வா.

கிரீஸ் சொட்டும் அச்சின் கீழே நாலு பேரும்.
நான் கணக்குப் போட்டேன்:
இந்தச் சுவரை இடித்து, கடலை ரோடாக்கி,
ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் கிழக்கே விட்டால்
முதலில் வட அந்தமான் காடு.
அப்புறம் பர்மா, தாய்லாந்து, கம்போடியாவின் பெரிய ஏரி,
பிலிப்பைன்ஸ்.
பசிபிக்கில் எத்தனை நாள் என்று தெரியாது,
டீக்கடை கிடையாது.
நிகராகுவா தாண்டினால் பார்படாஸ்,
நம்ம ராயபுரத்துக்கு நேர்க்கோட்டில், கிரிக்கெட் ஸ்கோர் கேட்கலாம்.
ஆப்பிரிக்காவில் சாட் ஏரியில் ரேடியேட்டருக்குத் தண்ணி.
ஏமன் முனை, அரபிக்கடல், மங்களூர், பெங்களூர்,
பூந்தமல்லி நெரிசல்.
முப்பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர் முடித்து
இங்கேயே வந்து சேரலாம்,
வரிசையின் கடைசி வண்டியாக.

“அப்ப வேணாம்பா,” என்றார் ஜலீல்.

முன்னா என் பெட்டியைத் தட்டி, “ஹாம்பர்க்?” என்றான்.
போனில் பார்த்தேன். ஐம்பத்துமூன்றரை டிகிரி.
அங்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வராது.
தலையாட்டிக் காட்டினேன்.
பாவம் என்பது போல உச்சுக்கொட்டினான்,
சட்டையெல்லாம் வேர்த்துக்கொண்டு.

ஹாரன்.
முன்வண்டி நகர்ந்தது, நானும் நகர்ந்தேன், அறுபதடி.
இறங்கிப் பார்த்தால்
சக்கரத்துக்குக் கிழக்கே, கடல் பக்கம்,
ஒரு விரல் அகலத்துக்கு நிழல்.
அதில் பெஞ்சலய்யா
டீ கிளாஸை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.